வேலைக்காக ஒரு வெளிநாட்டு மொழி: ஜப்பானிய மொழியா, ஜெர்மனா, பிரெஞ்சா?

இன்ஜினியரிங் மூன்றாம் வருடப் பிள்ளைகள், நர்சிங் முடித்துவிட்டுக் குறைந்த சம்பளத்தில் தனியார் மருத்துவமனையில் இருப்பவர்கள், ஐ.டி.யில் நாலைந்து வருடம் ஓட்டிவிட்டு அடுத்து என்ன என்று பார்ப்பவர்கள். மூன்று தரப்பும் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு வெளிநாட்டு மொழி படிக்கலாம் என்று இருக்கிறேன், எதைப் படித்தால் பிரயோஜனம்? கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நர்ஸ் என்றால் ஜெர்மன் என்பேன். சென்னையை விட்டுக் கிளம்ப மனமில்லாத ஐ.டி.காரர் என்றால் ஜப்பானிய மொழி. கனடா ஃபைல் போட்டுவிட்டுப் புள்ளிக் கணக்கு பார்த்துக்கொண்டிருப்பவர் என்றால் பிரெஞ்சு. கொரிய சீரியல் பார்த்து ஆசை வந்தவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிப் பேசுவேன்.

உலகத்தில் எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்ற கணக்கைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கால் வேலை கிடைக்காது. பார்க்க வேண்டியது, அந்த மொழிக்கான சம்பளத்தை எந்த ஊரில் உட்கார்ந்து வாங்கப் போகிறோம் என்பதை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ. 2007-லிருந்து கார் செய்கிறது. ஒரகடத்தில் டைம்லர் கம்பெனி 2012-லிருந்து பாரத்பென்ஸ் லாரி செய்கிறது. இரண்டும் அசல் ஜெர்மன் கம்பெனிகள். ஆனால் அங்கே வேலைக்குச் சேரும் இன்ஜினியரிடம் பெரும்பாலும் யாரும் ஜெர்மன் தெரியுமா என்று கேட்பதில்லை. ஸ்டுட்கார்ட்டோடும் மியூனிக்கோடும் ஆங்கிலத்திலேயே வேலை ஓடிவிடுகிறது. ஜப்பானியக் கம்பெனிகள் வேறு மாதிரி. டோக்கியோவிலோ நகோயாவிலோ இருக்கும் தலைமை அலுவலகத்து ஆள் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவார். வரைபடத்தில் உள்ள குறிப்பு, தரக் கட்டுப்பாட்டு அறிக்கை, மின்னஞ்சல் எல்லாம் அவர் மொழியிலேயே வரும். நடுவில் ஒரு ஆள் இல்லாமல் முடியாது. ஆக, ஜெர்மன் மொழிக்கான காசு ஜெர்மனியில் கிடைக்கிறது. ஜப்பானிய மொழிக்கான காசு ஒரகடத்திலும் சிறுசேரியிலும்கூடக் கிடைக்கிறது. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இன்னொன்றும் உண்டு. எந்த மொழியிலும் பாதியில் இறங்கியவருக்குச் சந்தையில் மதிப்பு கிடையாது. ஜப்பானிய மொழியில் என்5, என்4, ஜெர்மனில் ஏ1, ஏ2 என்னும் தொடக்க நிலைச் சான்றிதழ்களை ரெஸ்யூமேயில் போடலாம். இன்டர்வியூவில் பேச்சுத் துணைக்கு உதவும். சம்பளம் ஏறுவது ஜப்பானிய மொழியில் என்2, ஜெர்மனில் பி2 என்னும் மேல் நிலைகளுக்குத்தான். அதனால் எது சுலபமாகத் தொடங்கும் என்று பார்ப்பதைவிட எதை உங்களால் கடைசிவரை இழுத்துச் செல்ல முடியும் என்று பாருங்கள். வகுப்பில் முதல் மாதம் முப்பது பேர் இருந்தால், நடு நிலையான பி1 வகுப்பில் அதில் பாதிப் பேரைக்கூடப் பார்க்க முடியாது.

ஜப்பானிய மொழி

ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு என்5-இல் தொடங்கி என்1-இல் முடிகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை, ஜூலையிலும் டிசம்பரிலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் நடத்துகிறது. ஒரு தடவை தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். என்2-க்கு மொத்தம் 180 மதிப்பெண். 90 எடுத்தால் தேறலாம், ஆனால் மூன்று பகுதிகளிலும் தலா 19-ஆவது வேண்டும். காதால் கேட்கும் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். சில கேள்விகளுக்கு விடைகளும் காகிதத்தில் அச்சாகியிருக்காது. மூன்று விடைகளையும் காதால் கேட்டு, கேட்ட கையோடு பென்சிலால் வட்டத்தை நிரப்ப வேண்டும். ஒரு கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்தது ஓடிவிடும்.

தமிழ் ஆளுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும், 'செய்து பார்', 'செய்து விடு' என்று வினையெச்சத்தோடு துணைவினை சேர்ப்பதுபோலவே அங்கேயும் சேரும். ஆங்கில வழியாக யோசிக்காமல் நேராகத் தமிழிலிருந்து போனால் வாக்கிய அமைப்பு சீக்கிரம் பிடிபடும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்களுக்குப் போட்டிருக்கும் கணக்கில் பிரெஞ்சுக்கு சுமார் 750 மணி நேரம், ஜெர்மனுக்கு 900, ஜப்பானிய மொழிக்கும் கொரியனுக்கும் 2,200. இந்தக் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த வேண்டாம். இலக்கணத்தில் நமக்கு மிச்சமாகிற நேரம் கணிசம். ஆனால் சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' (kanji) எழுத்துகளில் எந்தச் சலுகையும் இல்லை. ஒலியை எழுதும் ஹிரகானா, கதகானா எழுத்து வரிசைகள் இரண்டையும் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வகுத்திருக்கும் கஞ்சிப் பட்டியலில் 2,136 எழுத்துகள். என்2-க்கு அதில் ஏறத்தாழ ஆயிரம் தேவைப்படும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் என்2 எட்ட இரண்டரை, மூன்று வருடம் ஆகும். ஒரே வருடத்தில் என்2 என்று விளம்பரம் வந்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.

சரி, அந்த மூன்று வருடத்துக்கு அப்புறம் என்ன வேலை? ஐ.டி.யில் பிரிட்ஜ் இன்ஜினியர் என்பார்கள். ஜப்பானிய கிளையன்ட்டுக்கும் இங்கே இருக்கும் டீமுக்கும் நடுவில் நிற்பவர். அவர் கையில் வரும் டிசைன் டாக்குமென்ட் பெரும்பாலும் எக்செல்லில் இருக்கும். கட்டங்களை எல்லாம் சின்னச் சின்ன சதுரமாக்கி, கிராஃப் தாள்போல வைத்துக்கொண்டு அதன்மேல் திரை வடிவமும் அம்புக்குறிகளும் வரைந்திருப்பார்கள். ஒரு ஃபைலில் இருபது, முப்பது ஷீட். முதல் ஷீட்டில் யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்ற பட்டியல். சிவப்பில் இருப்பது புதிய திருத்தம். சந்தேகம் கேட்பதற்கென்றே தனியாக ஒரு ஷீட்: வரிசை எண், கேட்டவர், தேதி, எந்தப் பக்கம், கேள்வி, பதில், முடிந்ததா இல்லையா. இங்கே டெவலப்பர் "இந்த ஃபீல்ட் காலியாக வந்தால் என்ன செய்வது?" என்று வாயால் கேட்பதை, கிளையன்ட் ஒரே வரியில் பதில் போடக்கூடிய கேள்வியாக அந்தக் கட்டத்துக்குள் எழுதத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்த நாள் கூட்டத்தில் அவர்கள் அதைப் பற்றி வேகமாகப் பேசும்போது குறுக்கே புகுந்து விளக்கம் கேட்கத் தெரிந்தால் மீதி வேலையும் முடிந்தது. இந்த இரண்டாவது பாதிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. காரணம், ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே கிடையாது. என்2 வாங்கிவிட்டு வாய் திறக்க முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நேர வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே ஐந்தரை. ஜப்பான் ப்ராஜெக்ட்டில் இருப்பவர்கள் விடியற்காலையில் லாகின் செய்து மாலையில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் இருப்பார்கள். ஐரோப்பிய, அமெரிக்க ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. சம்பளப் பேச்சில் இதை யாரும் சேர்ப்பதில்லை. எனக்கென்னவோ இது ஒரு இன்கிரிமென்டுக்குச் சமம்.

தொழிற்சாலைப் பக்கம் மொழிபெயர்ப்பாளர் வேலை இருக்கிறது. ஜப்பானிலிருந்து வரும் நிபுணரோடு லைனில் நடந்து, அவர் சொல்வதை சூப்பர்வைசருக்குத் தமிழில் சொல்லி, சூப்பர்வைசர் சொல்லும் காரணத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்து என்3 முடித்தவர், வெறும் பி.ஏ. படித்து என்2 முடித்தவரைவிட இங்கே நன்றாக வேலை செய்வார், ஏனென்றால் அவருக்கு ஜிக் என்றால் என்ன, பர் என்றால் என்ன என்று தெரியும்.

ஜப்பானுக்கே போவதென்றால் இரண்டு வழி. பட்டதாரி இன்ஜினியருக்கான விசா ஒன்று. இன்னொன்று 2019 ஏப்ரலில் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' விசா. இந்தியா 2021 ஜனவரியில் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. முதியோர் பராமரிப்பு, உணவுத் தயாரிப்பு, விவசாயம் போன்ற துறைகள். என்4 அளவு மொழியும் அந்தத் துறைக்கான தேர்வுகளும் போதும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் நிலையில் அதிகபட்சம் ஐந்து வருடம், குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. யென்னின் நிலையையும் பார்க்க வேண்டும்: 2012-இல் ஒரு டாலருக்கு 80 யென் இருந்தது, 2024-இல் 160-ஐத் தாண்டியது. யென்னில் நல்ல சம்பளமாகத் தெரிவது ஊருக்கு அனுப்பும்போது மெலிந்துபோகிறது. அதனால்தான் என்2 இருக்கிற ஐ.டி.காரர் சென்னையிலேயே இருந்துகொண்டு அவ்வப்போது ஆன்சைட் போய்வருவது எனக்கு நியாயமான கணக்காகப் படுகிறது.

ஜெர்மன்

ஜெர்மனுக்குக் கணக்கு நேர்மாறு. இங்கேயே இருக்கப் போகிறவர் வேலைக்காக ஜெர்மன் படிப்பதில் பெரிய லாபம் இல்லை. போகத் தயாராக இருப்பவருக்கோ இதைவிடத் தெளிவான பாதை இப்போதைக்கு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனியில் வேலை செய்யும் வயதினர் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். 2024 ஜூனிலிருந்து வேலை தேடிப் போவதற்கென்றே புள்ளி அடிப்படையில் 'வாய்ப்பு அட்டை' கொடுக்கிறார்கள். அதில் ஜெர்மன் அறிவுக்குத் தனிப் புள்ளி உண்டு.

நர்ஸ்களுக்கு மொழி இதில் அலங்காரம் கிடையாது, சட்டப்படி வேண்டிய தகுதி. நம்முடைய பி.எஸ்சி. நர்சிங் சான்றிதழை, ஜெர்மனியில் நீங்கள் போகும் மாநிலத்து அதிகாரிகள் பார்த்து, எங்கே குறை இருக்கிறது என்று எழுத்தில் கொடுப்பார்கள். அந்தக் குறையைப் பயிற்சிக் காலத்தாலோ ஒரு தேர்வாலோ நிரப்ப வேண்டும். முழு நர்ஸாகப் பதிவு பெற பி2 வேண்டும். அதுவரை உதவியாளர் நிலையில், உதவியாளர் சம்பளத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட்டுகள் சொல்லும் மாதச் சம்பளம் பதிவுக்குப் பிந்தைய சம்பளம். முதல் சில மாதங்களுக்கு அந்தத் தொகை கைக்கு வராது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் ஏமாறுவதில்லை.

பி2 ஏன் கேட்கிறார்கள் என்பது ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வார்டில் நின்றால் புரியும். இரவு ஷிஃப்ட்டில் இருந்தவர் ஒவ்வொரு நோயாளியாக அடுத்த ஷிஃப்ட்காரருக்கு ஒப்படைக்கிறார்: மூன்றாம் நம்பர் அறைத் தாத்தா இரவில் இரண்டு தடவை எழுந்துவிட்டார், கட்டு மாற்றியாயிற்று, காலை மருந்தை மருத்துவர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார், மகள் பத்து மணிக்கு போன் செய்வார். எல்லாம் சுருக்கச் சொற்களில், வேகமாக, நடுவில் மணி அடித்துக்கொண்டிருக்கும். கேட்டதைக் கணினியில் எழுத வேண்டும், அது சட்டப்படி ஆவணம். அப்புறம் அந்தத் தாத்தா பவேரிய வட்டார வழக்கில் ஏதோ கேட்பார். வகுப்பில் படித்த ஜெர்மன் அங்கே வேறு மொழிபோலக் கேட்கும். பி1-ஐ வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் ஆறு மாதம் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இங்குள்ள மாநில அரசு வழியாகப் போவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. கேரளத்தில் நோர்கா ரூட்ஸ் என்ற அரசு நிறுவனம், ஜெர்மன் அரசு அமைப்புகளோடு சேர்ந்து 'ட்ரிபிள் வின்' என்ற திட்டத்தில் நர்ஸ்களை அனுப்புகிறது. மொழிப் பயிற்சிக்கு அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தனியார் ஏஜென்ட்டிடம் லட்சங்களைக் கொட்டுவதற்கு முன்னால் அதன் அறிவிப்புகளை ஒரு தடவை பார்ப்பதில் நஷ்டமில்லை.

இன்ஜினியர்களுக்கு வேறு ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில வழியில் எம்.எஸ்., அரசுப் பல்கலைக்கழகம், பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. முதல் வருடச் செலவுக்கு (2025 கணக்குப்படி) 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்டினால் போதும். ஏ1 முடித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். படிப்பு முடிந்த அன்றுதான் சிக்கல் ஆரம்பம். பெர்லினில் சாஃப்ட்வேர் என்றால் ஆங்கிலத்தில் பிழைத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரிக்கல் என்றால் வேலை இருப்பது சிறு ஊர்களில், குடும்பமாக நடத்தும் நடுத்தரக் கம்பெனிகளில். அங்கே ஷாப் ஃப்ளோரில் யாரும் உங்களுக்காக ஆங்கிலத்துக்கு மாற மாட்டார்கள். இங்கேயே பி1 வரை முடித்துப் போகிறவருக்கும் ஏ1-ஓடு போகிறவருக்கும் இடையே வேலை தேடும் காலத்தில் பெரிய வித்தியாசம் வரும். இன்னொரு நேரடி லாபமும் உண்டு: உயர்திறன் பணியாளர் விசாவான ஐரோப்பிய நீல அட்டை வைத்திருப்பவர் பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 மட்டும் என்றால் 27 மாதம்.

தேர்வைப் பொறுத்தவரை ஜெர்மனில் ஒரு நிம்மதி. ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகள் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு மாட்யூல்களாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். மூன்றில் தேறி ஒன்றில் தவறினால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம். ஜே.எல்.பி.டி.யில் அப்படி இல்லை, எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். ஆனால் கட்டணம் ஜே.எல்.பி.டி.யைவிடப் பல மடங்கு. சென்னை நுங்கம்பாக்கத்தில் ரட்லண்ட் கேட் பகுதியில் இருக்கும் கோதே நிறுவனத்தில் பி1, பி2 தேர்வுக்கு இடம் பிடிப்பதும் லேசில்லை. பதிவு திறந்ததும் நிரம்பிவிடும். முழு நேரமாகப் படித்தால் பூஜ்யத்திலிருந்து பி2-க்கு ஒரு வருடம், சற்றே கூடுதலாக ஆகலாம். ட்யூட்டி பார்த்துக்கொண்டே படிக்கும் நர்ஸுக்கு ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பிரெஞ்சு

நம் ஊரில் பிரெஞ்சுக்கு ஒரு விசித்திரமான கதை. பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்த ஒரு தலைமுறையே இருக்கிறது. 200-க்கு 190-க்கு மேல் வாங்கியவர்களுக்கு பாரிஸில் தண்ணீர் கேட்கத் தெரியாது. அந்த மதிப்பெண்ணை வைத்து எதையும் கணக்கிட வேண்டாம், ஏ1-லிருந்து தொடங்குவதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது, ஒரகடத்தில் ரெனால்ட் இருக்கிறது. இரண்டிலும் ஜெர்மன் கம்பெனிகளின் கதைதான், ஆங்கிலம் போதும்.

அப்படியானால் பிரெஞ்சு எதற்கு? கனடாவுக்கு. அங்கே குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறையில், பிரெஞ்சின் நான்கு திறன்களிலும் கனடா அளவுகோலின் ஏழாம் நிலை காட்டினால், ஆங்கிலமும் ஓரளவு இருக்கும்போது 50 கூடுதல் புள்ளிகள். அதைவிட முக்கியம், 2023-லிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றுகள் நடத்துகிறார்கள். 2024, 2025-இல் பொதுச் சுற்றுகளிலும் கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான சுற்றுகளிலும் கட்-ஆஃப் 500-க்கு மேலேயே நின்றபோது, பிரெஞ்சுச் சுற்றுகள் பலவற்றில் 400-ஐ ஒட்டியும் சில தடவை அதற்குக் கீழேயும் வந்தது. 460 புள்ளியில் வருடக்கணக்காக நின்றுகொண்டிருப்பவருக்கு இதைவிடப் பெரிய ஏற்றம் வேறில்லை. வயது முப்பதைத் தாண்டி வருடத்துக்கு ஐந்து புள்ளி, ஆறு புள்ளி என்று குறைந்துகொண்டே வருபவர், இன்னொரு முதுகலைப் பட்டம் வாங்கப் போவதைவிட ஒன்றரை வருடம் பிரெஞ்சுக்குச் செலவிடுவது மலிவு.

வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகப் போகிறவர் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்குக்கு வெளியேதான் குடியேற வேண்டும். டொரான்டோவில் இறங்கி அலுவலகத்தில் முழுக்க ஆங்கிலமே பேசுவார். பிரெஞ்சு, கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதில் தவறில்லை, ஆனால் இது ஒரு அரசின் கொள்கையை நம்பி எடுக்கும் முடிவு. கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு பேசுபவர்களின் பங்கைக் கூட்டுவது இப்போதைய கனடா அரசின் அறிவிக்கப்பட்ட இலக்கு. நாளைக்கு விதி மாறினால் சென்னையில் இருந்தபடி அந்த பிரெஞ்சை விற்க அதிக இடமில்லை. இதற்காக எழுதும் டெஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வின் முடிவும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். படித்து முடித்துவிட்டு ஃபைலை ஆறப்போடக் கூடாது.

கொரியனும் சீன மொழியும்

கொரிய எழுத்தை ஒரு வார இறுதியில் கற்றுக்கொண்டுவிடலாம், இலக்கணமும் ஜப்பானிய மொழியைப்போல நமக்குப் பழகிய வரிசையில் போகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்கிறது. சுற்றிலும் அதற்கு உதிரி பாகம் கொடுக்கும் கொரியக் கம்பெனிகள் நிறைய. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களும் கொரிய மேலாளர்களுக்கு உதவியாளர்களும் தேவைப்படுகிறார்கள்தான். ஆனால் அந்த வேலைகள் அந்த ஒரு வட்டாரத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஜப்பானிய மொழிக்கு இருப்பதுபோல ஐ.டி. கம்பெனிகளில் பெரிய தேவை கிடையாது. சீரியல் ஆசையில் படிப்பவர்கள் பெருகிவிட்டதால் தொடக்க நிலையில் கூட்டம் வேறு. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வீடு இருக்கிற இன்ஜினியருக்கு நல்ல தேர்வு. மற்றவர்கள் ஆசைக்காகப் படியுங்கள், அதில் ஒன்றும் குறையில்லை.

இலங்கையில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பதில் அப்படியே தலைகீழ். தென்கொரியாவின் வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. கொரிய மொழித் தேர்வில் தேறி, அரசு வழியாகவே தொழிற்சாலை வேலைக்குப் போகலாம். கொரியத் தொழிலாளிக்கு உள்ள குறைந்தபட்சக் கூலி அவர்களுக்கும் உண்டு, 2025-இல் அது மணிக்கு 10,030 வோன். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உயர்தரம் முடித்துவிட்டு நிற்கும் இளைஞருக்கு ஜெர்மன் பி2-ஐவிட இது பல மடங்கு கிட்டத்தில் இருக்கிறது.

சீன மொழியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, அதனாலேயே சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான், செய்யாற்றில் ஃபெங் டே, உளுந்தூர்பேட்டைக்கு வரும் பௌ சென் என்று தைவான் கம்பெனிகள் வடதமிழ்நாட்டில் கால் ஊன்றி வருகின்றன, முக்கியமாகச் செருப்பு, ஷூ தயாரிப்பில். அங்கே வரும் மேலாளர்கள் மாண்டரின் எனப்படும் சீன மொழி பேசுகிறார்கள். தமிழும் மாண்டரினும் சேர்ந்து தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. கஷ்டமான மொழி, பயிற்சி கொடுக்கும் இடமும் குறைவு. ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் லெதர் டெக்னாலஜி படித்த ஒருவர் இதில் இறங்கினால் போட்டிக்கு ஆளே இருக்காது.

எல்லாவற்றையும் ஏ.ஐ. மொழிபெயர்த்துவிடுமே என்று கேட்கிறவர்களுக்கு: ஆமாம், காகிதத்தை மொழிபெயர்க்கும் வேலை கரைந்துகொண்டுதான் இருக்கிறது. மொழிபெயர்ப்பையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் இன்று தொடங்க வேண்டாம். ஆனால் அடி எல்லா மொழிக்கும் ஒரே மாதிரி விழவில்லை. ஜெர்மன் நர்ஸின் பி2-ஐயும் கனடாவின் புள்ளியையும் விதிகள் கேட்கின்றன; போனில் உள்ள ஆப்பைக் காட்டி அதைக் கடக்க முடியாது. ஜப்பானிய மொழியில்தான் ஆபத்து அதிகம். அந்த எக்செல் ஷீட்டை இயந்திரம் இப்போதே ஓரளவு நன்றாகப் படித்துவிடுகிறது. அதனால் என்2 சான்றிதழோடு நிற்பவரின் மதிப்பு குறையும். கூட்டத்தில் வாய் திறந்து பேசி முடிப்பவரின் மதிப்பு நிற்கும். இப்போது ஜப்பானிய மொழி தொடங்குகிறவர்கள் என்4 காலத்திலிருந்தே வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது பேச்சுக்கு ஒதுக்க வேண்டும், தேர்வு அதைக் கேட்காவிட்டாலும்.

கடைசியாகப் பயிற்சி நிலையங்கள். மொழி வகுப்பும் வெளிநாட்டு வேலையும் ஒரே பேக்கேஜாகத் தருகிறோம் என்பவர்களிடம் முதலில் வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று பேசினால் அதில் எது வகுப்புக்கு, எது தேர்வுக்கு, எது விசாவுக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு கேள்வி: போன வருடம் உங்களிடம் சேர்ந்தவர்களில் பி2-வின் நான்கு மாட்யூலும் முடித்தவர் எத்தனை பேர், அவர்களில் இரண்டு பேரோடு நான் போனில் பேசலாமா? ஏ1 ரிசல்ட்டையும் சுவரில் மாட்டிய விசா போட்டோக்களையும் காட்டிப் பேச்சை மாற்றினால், அட்வான்ஸ் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.